பெஞ்சுக்குத் திரும்பியவருக்கு: தோட்டா மீள்நிரப்பலில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

அமெரிக்காவில் வீட்டிலேயே, சுட்ட பித்தளைக் கூட்டில் புதிய பிரைமரும் (கூட்டின் அடியிலிருந்து தீ மூட்டும் சிறு கிண்ணம்) மருந்தும் (வெடிபொடி) குண்டும் வைத்துத் தோட்டா நிரப்பும் பழக்கத்தை 2020க்குப் பிந்தைய பிரைமர் பஞ்சத்தில் விட்டவர்கள் நிறையப் பேர். பிள்ளை பிறந்தபோதோ வீடு மாறியபோதோ அதற்கும் முன்பே மூட்டை கட்டியவர்களும் உண்டு. கடைகளில் பிரைமர் மறுபடி தலைகாட்டியதும், கராஜ் மூலையில் கிடந்த பிரஸை (கூட்டை அழுத்தும் நெம்புகோல் கருவி) துடைத்து எண்ணெய் விட்டு உட்காருகிறார்கள். பிரஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வார்ப்பிரும்பு பிரஸ் பேரன் காலம் வரை உழைக்கும். அதில் திருகும் டையின் (கூட்டுக்கு வடிவம் தரும் அச்சு) மரையும் இன்றுவரை அதே 7/8 அங்குலம், 14 புரிதான். பழைய டை புதிய பிரஸில் தகராறில்லாமல் ஏறும். மாறியிருப்பவை வேறு: கையேட்டில் உள்ள எண்கள், சுடுகளத்தில் பொறுக்கிய கூடுகளின் வகை, டப்பாவில் இருக்கும் மருந்தின் வயது, அப்புறம் உட்காருபவரின் கண் பார்வை.

கோளாறு என்றதும் பலர் முதலில் மருந்தின் அளவில் கை வைக்கிறார்கள். கடைசியாகத் தொட வேண்டியது அது. கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கூட்டின் நீளம், தோளின் (கூடு கழுத்தாகக் குறுகும் சரிவு) இடம், பிரைமரின் ஆழம் அல்லது டை பொருத்திய விதம். வெர்னியர் காலிப்பரை எடுத்து அளந்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும். எந்த அறிகுறியானாலும் வரிசை ஒன்றுதான்: நிறுத்துங்கள், அளவெடுங்கள், ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள், மறுபடி பாருங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போய்விடும்.

இங்கே மருந்தின் அளவு எதையும் நான் தரவில்லை. அதை மருந்துத் தயாரிப்பாளர் இப்போது வெளியிட்டிருக்கும் அட்டவணையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்புவதற்கு மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்கும் தொழிலாகச் செய்தால் 06 வகை உரிமம் வேண்டும். மாநிலச் சட்டமும் உள்ளூர்த் தீயணைப்பு விதியும் தனி. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் இதைச் செய்துபார்க்கும் குறிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அறிகுறி: பழைய மருந்து டப்பாவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி

புகையில்லா மருந்து நல்ல நிலையில் இருந்தால் ஈதர் போல, கரைப்பான் வாசனை லேசாக அடிக்கும். கெட்டுப்போன மருந்தின் நெடி அமிலத்தின் நெடி. முகர்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். தகர டப்பாவின் உட்புறம் துரு, மருந்தின் மேல் செம்பழுப்புத் தூள், மூடியைத் திறந்ததும் செம்பழுப்புப் புகை: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த மருந்தின் கதை முடிந்தது. நைட்ரோசெல்லுலோஸ் சிதையும்போது வரும் அமிலம் மேலும் சிதைவைத் தூண்டும். டப்பாவை மூடி மறுபடி பரணில் வைப்பது தீர்வாகாது. எப்படி அழிப்பது என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள்.

நெடி இல்லை, ஆனால் டப்பாவின் ஒட்டுத்தாள் கிழிந்துவிட்டது, அல்லது வேறொரு டப்பாவில் கொட்டி வைத்திருக்கிறீர்கள் என்றால்? அதுவும் வெளியேதான் போக வேண்டும். நிறத்தையும் துகளின் வடிவத்தையும் பார்த்து மருந்தை அடையாளம் காண முடியும் என்று சொல்பவர் எவ்வளவு அனுபவசாலியானாலும் நம்பாதீர்கள்.

பிரைமர் கதை வேறு. அசல் பெட்டியில், ஈரமும் வெப்பமும் படாமல் இருந்திருந்தால் பல பத்தாண்டுகள் தாங்கும். வீட்டில் வைத்திருக்கும் அளவைப் பொறுத்தவரை, தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் விதி 20 பவுண்டு வரை மருந்தையும் 10,000 வரை பிரைமர்களையும் சொல்கிறது. மருந்து அசல் டப்பாவில்தான் இருக்க வேண்டும். உங்கள் ஊரின் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம்.

அறிகுறி: பழைய கையேட்டில் ஓர் அளவு, புதியதில் வேறோர் அளவு

புதியதை நம்புங்கள். பழைய கையேடுகளில் அழுத்தத்தைச் செம்பு உருளை நசுங்கும் அளவை வைத்துக் கணக்கிட்டார்கள்; இப்போது பீசோ மின் உணரியால் அளக்கிறார்கள். இரண்டு எண்களையும் ஒரு பெருக்கலால் மாற்றிக்கொள்ள முடியாது. கருவி துல்லியமானதும் சில பழைய உச்ச அளவுகள் கீழே இறங்கிவிட்டன.

திரும்பி வருபவர்களைக் கவிழ்க்கும் இன்னொரு பொறி பெயர்களில் இருக்கிறது. எச் 4831, ஐ.எம்.ஆர். 4831 இரண்டிலும் எண் ஒன்று. எரியும் வேகம் வேறு. இரண்டாம் உலகப் போர் முடிந்து மிஞ்சிய ராணுவ மருந்தை வாங்கி விற்றுத்தான் ஹாட்ஜ்டன் நிறுவனம் வளர்ந்தது; எண் ஒற்றுமை அந்தக் காலத்து மிச்சம். மாறாக, அதே நிறுவனத்தின் எச் 110, வின்செஸ்டர் 296 இரண்டும் பெயர் வேறானாலும் ஒரே மருந்து. எது எதோடு ஒன்று என்பதை எண்ணை வைத்து ஊகிக்காமல், டப்பாவின் முழுப் பெயரை அட்டவணையில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஹெர்குலிஸ் பெயரில் இருந்த மருந்துகள் 1995இல் அலயன்ட் ஆயின. ஹெர்குலிஸ் டப்பா வீட்டில் இருந்தால், அதற்கு எவ்வளவு வயது என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது.

அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து ஆரம்பிப்பது பொது விதி. "பாதுகாப்புக்காக இன்னும் குறைப்போம்" என்று அதற்கும் கீழே போகாதீர்கள். எச் 110 போன்ற மெதுவான உருண்டைத் துகள் மருந்துகளில் குறைந்த அளவும் ஆபத்து. தீ சரியாகப் பற்றாமல் குண்டு குழலிலேயே நின்றுவிடலாம்.

அறிகுறி: கூடு டைக்குள் மாட்டிக்கொண்டது

நெம்புகோலை அழுத்தும்போதே கை சொல்லும்: இது இறுகுகிறது என்று. அந்த இடத்தில் நிறுத்தி, பின்னால் இழுத்து, மசகு தடவியிருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் இன்னும் ஓர் அழுத்து அழுத்தி, ஷெல் ஹோல்டர் (கூட்டின் அடியைப் பிடிக்கும் பாகம்) கூட்டின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வந்த பிறகுதான் பெரும்பாலோர் உதவி தேடுகிறார்கள்.

எடுக்கும் முறை இது. டையைப் பிரஸிலிருந்து கழற்றுங்கள். பிரைமர் தள்ளும் கம்பியை மேலே எவ்வளவு தளர்த்த முடியுமோ அவ்வளவு தளர்த்தி உயர்த்துங்கள். இல்லையென்றால் துளைபோடும்போது ஊசி உடையும். டையைத் தலைகீழாக வைஸில் பிடித்து, காலியான பிரைமர் குழி வழியாக 7ஆம் எண் துளையாணியால் கூட்டின் அடியைத் துளையுங்கள். அந்தத் துளையில் 1/4 அங்குலம், 20 புரி மரை வெட்டுங்கள். பித்தளை மென்மையானது, மரை வெட்டும்போது சுருள் சுருளாக வரும், அரைச் சுற்றுக்கு ஒரு முறை பின்னால் திருப்பி அதை உடைத்துவிடுங்கள். பிறகு டையின் வாய்மேல் உட்குழிவான ஒரு வளையத்தை வைத்து, வாஷரோடு போல்ட்டை முடுக்குங்கள். போல்ட் ஏற ஏறக் கூடு அங்குல அங்குலமாக இறங்கி, கடைசியில் "டக்" என்ற சத்தத்தோடு கையில் விழும். இதற்கென்றே வளையம், துளையாணி, மரைவெட்டி, போல்ட் எல்லாம் சேர்ந்த சிறு பெட்டி கடையில் கிடைக்கிறது. ரைபிள் கூடு நிரப்புபவர்கள் முன்கூட்டியே ஒன்று வாங்கி வைப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமை இரவில் எந்தக் கடையும் திறந்திருக்காது.

காரணம் ஏறக்குறைய எப்போதும் மசகு. லானோலின் கலந்த தெளிப்பு மசகைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதிலிருக்கும் ஆல்கஹால் ஆவியாகிய பிறகுதான் மசகு வேலை செய்யும். ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே டையில் ஏற்றினால் தடவாததற்குச் சமம். கழுத்தின் உட்புறத்திலும் கொஞ்சம் போக வேண்டும். அதற்காகத் தோளில் அப்பிவிடாதீர்கள். மசகு தங்கினால் தோளில் குழி விழும். பார்க்க அசிங்கம், ஆனால் அடுத்த சூட்டில் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். நேர்ச்சுவர் உள்ள கைத்துப்பாக்கிக் கூடுகளுக்குக் கார்பைடு டை இருந்தால் மசகே தேவையில்லை.

அறிகுறி: பிரைமர் குழிக்குள் இறங்க மறுக்கிறது

முதலில் குழியின் ஓரத்தைப் பாருங்கள். ராணுவக் கூடுகளில் பிரைமரைச் சுற்றி வளையமாக நசுக்கியிருப்பார்கள். பழைய பிரைமர் வெளியேறிய பிறகும் அந்த உதடு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். 5.56, 7.62 கூடுகளில் இது சாதாரணம், சில 9 மி.மீ. கூடுகளிலும் உண்டு. அந்த உதட்டைக் குடைந்தோ அழுத்தியோ ஒரு முறை எடுத்துவிட்டால் போதும், அந்தக் கூட்டில் மறுபடி வராது. பலம் கொண்டு தள்ளினால் பிரைமர் கவிழும், நசுங்கும், வெடிக்கவும் கூடும். கண்ணாடி அணியாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

.45 ஏ.சி.பி. சுடுபவர்களுக்கு ஒரு புதிய தலைவலி. பத்துப் பதினைந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வருபவர் அந்தக் கூடு என்றாலே பெரிய பிரைமர் என்று நினைத்திருப்பார். இப்போது சிறிய பிரைமர் குழி உள்ள கூடுகளும் சுடுகளத் தரையில் கலந்து கிடக்கின்றன. ஒரே வாளியில் இரண்டையும் அள்ளி வந்து பிரஸில் ஏற்றினால் வேலை நின்றுகொண்டே இருக்கும். கூடுகளை உருட்டிச் சுத்தம் செய்யும் டம்ப்ளரில் போடுவதற்கு முன்பே பிரித்துவிடுங்கள்.

டையின் ஊசி வளைகிறது, பழைய பிரைமர் வெளியே வரவில்லை என்றால் கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு துளை இருந்தால் பாக்சர் வகை. ஓரமாக இரண்டு இருந்தால் பெர்டன் வகை. பெர்டன் அமெரிக்கர், பாக்சர் ஆங்கிலேயர். ஆனால் அமெரிக்கா முழுக்கப் புழங்குவது பாக்சர் வகை. பெர்டன் கூட்டை வழக்கமான டையில் நிரப்ப முயல வேண்டாம்.

அறிகுறி: டிரிக்கரை இழுத்தால் "க்ளிக்", வெடிக்கவில்லை

குழலைக் களத்தின் திசையிலேயே வைத்துக் குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். சில களங்களில் ஒரு நிமிடம் என்பது விதி. தாமதமாகப் பற்றும் தோட்டா உண்டு.

பிறகு வெளியே எடுத்து, பிரைமரில் துப்பாக்கியின் ஊசி பட்ட குழியைப் பாருங்கள். குழி ஆழமாக இருந்து வெடிக்கவில்லை என்றால் பிரைமர் பழுது, ஈரம் அல்லது எண்ணெய் பட்டது. குழி ஆழமில்லை, ஆனால் அதே தோட்டா இரண்டாவது அடியில் வெடிக்கிறது என்றால், பிரைமர் மேலே நின்றிருக்கிறது என்பதுதான் முதல் சந்தேகம். முதல் அடியின் பலம் பிரைமரை உள்ளே தள்ளவே செலவாகிவிடுகிறது. மீதமுள்ள தோட்டாக்களின் அடியில் விரலைத் தடவிப் பாருங்கள். பிரைமர் கூட்டின் அடியைவிட 0.003 முதல் 0.005 அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். மட்டமான மேசைமேல் நிறுத்தினால் ஆடும் தோட்டாவைத் தனியே வையுங்கள்.

ஏ.ஆர். 15 போன்ற துப்பாக்கிகளில் இது வெறும் தொல்லையோடு முடிவதில்லை. அவற்றில் ஊசி தளர்வாக மிதக்கிறது. குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட் மூடும்போதே பிரைமரை லேசாகத் தொடும். உயர்ந்து நிற்கும் பிரைமர் அந்தத் தொடுதலிலேயே வெடித்துவிடக்கூடும்.

அறிகுறி: தோட்டா சேம்பருக்குள் முழுதாகப் போகவில்லை

சேம்பர் என்பது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை. இதில்தான் அதிகக் குழப்பம், காரணங்களும் அதிகம். துப்பாக்கி வகையைப் பிரித்துக்கொண்டால் எளிது.

பிஸ்டலில் குழலைத் தனியே கழற்றி, தோட்டாவை அதனுள் போடுங்கள். "ப்ளங்க்" என்று விழுந்து, விரலால் சுழற்றினால் சுழல வேண்டும்; கவிழ்த்தால் தானாக விழ வேண்டும். விழவில்லை என்றால் தோட்டா முழுக்க மார்க்கர் மையால் கறுப்படித்து மறுபடி போட்டுத் திருப்புங்கள். மை எங்கே சுரண்டப்பட்டிருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது. குண்டின் மேல் சுரண்டல் என்றால் குண்டு வெளியே அதிகம் நீண்டிருக்கிறது; 9 மி.மீ. தோட்டாவின் மொத்த நீளத்துக்கு அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வகுத்த உச்சம் 1.169 அங்குலம், ஆனால் அகன்ற மூக்குள்ள சில குண்டுகளை அதைவிடக் குட்டையாக உட்கார்த்தியாக வேண்டும். கூட்டின் வாயில் சுரண்டல் என்றால், குண்டு ஏற்றுவதற்காக விரித்த வாய் இன்னும் மூடவில்லை. 9 மி.மீ.யில் வாயின் வெளி விட்டம் 0.380 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அதற்காக இறுக்கித் தள்ளாதீர்கள்: 9 மி.மீ., .45 ஏ.சி.பி. இரண்டும் சேம்பரில் வாயின் விளிம்பில்தான் நிற்கின்றன. கிரிம்ப் என்பது வாயைக் குண்டின்மேல் மூடி இறுக்குவது. இவற்றுக்கு வாயைச் சரிவாக ஒடுக்கும் டேப்பர் கிரிம்ப். உருட்டி மடக்கும் கிரிம்ப் .38 ஸ்பெஷல், .357 மேக்னம் போன்ற ரிவால்வர் தோட்டாக்களுக்கு.

ரைபிளில் முதலில் கூட்டின் நீளம். சுடச் சுடப் பித்தளை முன்னால் நீளும். .308 வின்செஸ்டர் கூட்டின் உச்ச நீளம் 2.015 அங்குலம், வெட்டிச் சமப்படுத்தும் நீளம் 2.005. .223 ரெமிங்டனுக்கு 1.760, 1.750. உச்சத்தைத் தாண்டிய கூட்டின் வாய் சேம்பரின் முனையில் நசுங்கிக் குண்டைப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும். நீளம் சரி என்றால் தோள். டையைப் பொருத்தும்போது பிரஸின் தண்டை முழுதாக உயர்த்தி, டை ஷெல் ஹோல்டரைத் தொட்டதற்குப் பிறகு இன்னும் எட்டில் ஒரு பங்கு முதல் கால் சுற்று வரை இறக்குவது தொடக்கநிலை. தண்டு உச்சியில் நிற்கும்போது டைக்கும் ஷெல் ஹோல்டருக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் தோள் முழுதாகத் தள்ளப்படவில்லை. தோளின் இடத்தை அளக்கும் கம்பரேட்டர் வாங்கி அளந்தால் இன்னும் நல்லது: போல்ட் ரைபிளில் சுட்ட கூட்டைவிட 0.001 முதல் 0.002 அங்குலம், தானியங்கி வகையில் 0.003 முதல் 0.005 அங்குலம் தோளைப் பின்தள்ளினால் போதும்.

அதுவும் சரி, காலிக் கூடு உள்ளே போகிறது, நிரப்பிய தோட்டா போகவில்லை. அப்படியானால் கிரிம்ப்பைப் பாருங்கள். குண்டை உட்கார்த்துவதும் கிரிம்ப் செய்வதும் ஒரே டையில் ஒரே அழுத்தில் நடந்தால், குண்டு இறங்கி முடிவதற்குள் வாய் மடங்கிவிடும். தோளுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத புடைப்பு வரும். இரண்டையும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

அறிகுறி: குண்டு கூட்டுக்குள் அமுங்குகிறது

தோட்டாவின் மூக்கை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். முன்னும் பின்னும் அளந்து நீளம் குறைந்தால் கழுத்தின் பிடி போதவில்லை. 9 மி.மீ. போன்ற சிறிய கூட்டில் குண்டு சற்று உள்ளே போனாலும் மருந்துக்கான இடம் வெகுவாகக் குறைந்து அழுத்தம் ஏறும். காரணம் பெரும்பாலும் வாயை அதிகமாக விரித்தது, அல்லது விரிக்கும் முனை அளவில் பெரியது. கிரிம்ப்பை இறுக்கி இதைச் சரிசெய்ய முடியாது. அதிகக் கிரிம்ப் பிடியைத் தளர்த்தவும் செய்யும்.

அறிகுறி: "பொப்" என்ற சோகையான சத்தம், உதை இல்லை

சுடுவதை அந்த நொடியே நிறுத்துங்கள். அடுத்த டிரிக்கர் இழுப்பில் துப்பாக்கி கிழியலாம், விரலும் போகலாம்.

மருந்தே விழாத, அல்லது மிகக் குறைவாக விழுந்த தோட்டா இது. பிரைமரின் சக்தி மட்டுமே குண்டைச் சில அங்குலம் தள்ளிக் குழலில் நிறுத்தியிருக்கும். ரிவால்வரில் குண்டு சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே சிக்கி, சிலிண்டர் சுழலாமல் நிற்பதுண்டு. பிஸ்டலில் ஆபத்து கூடுதல்: ஸ்லைடு தானாகப் பின்போகாததால், "ஜாம்" என்று நினைத்துக் கையால் இழுத்து அடுத்ததை ஏற்றிச் சுடும் பழக்கம் உள்ளவர்கள் உண்டு. வேகப் போட்டியில் பழகிய கை இதை யோசிக்காமலே செய்துவிடும்.

துப்பாக்கியை முழுதாகக் காலி செய்து, குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பின்பக்கமிருந்து பாருங்கள். அல்லது பித்தளைக் கம்பியை உள்ளே விட்டு எவ்வளவு போகிறது என்று வெளியே வைத்து ஒப்பிடுங்கள். குண்டு நின்றிருந்தால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். இன்னொரு தோட்டாவால் சுட்டுத் தள்ளலாம் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள்.

இனி பெஞ்சில் காரணம் தேட வேண்டும். .38 ஸ்பெஷல் 1898இல் கரும் மருந்துக் காலத்து இடவசதியோடு வந்த கூடு. இன்றைய வேகமான மருந்து அதன் அடியில் கொஞ்சம்தான் நிற்கும். இரட்டை அளவு விழுந்தாலும் வழியாது, விழாவிட்டாலும் மேலிருந்து பார்த்தால் சட்டென்று தெரியாது. ஆகவே ஐம்பது கூடுகளையும் மரப்பலகையில் நிறுத்தி, குண்டு வைப்பதற்கு முன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் மருந்தின் மட்டத்தைப் பாருங்கள். ஒன்று மட்டும் உயர்ந்தோ தாழ்ந்தோ தெரிந்தால் அதைக் கொட்டி மறுபடி எடைபோடுங்கள். கூட்டை நிரப்பும் அளவுக்குப் பருமனான மருந்தைத் தேர்ந்தெடுத்தால் இரட்டை விழுந்ததும் வழிந்து காட்டிக்கொடுக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு அதுவே நல்ல தேர்வு.

நீண்ட குச்சித் துகள் கொண்ட மருந்து, மருந்தளக்கும் கருவியின் குழாயில் பாலம் போட்டு நிற்பதும் உண்டு. ஒரு கூட்டில் பாதி விழும், மீதி அடுத்ததில் சேர்ந்து விழும். குறைவான ஒன்று கிடைத்தால் அதற்கடுத்த கூட்டைக் கட்டாயம் எடைபோடுங்கள்.

அறிகுறி: தட்டையான பிரைமர், போல்ட்டைத் தூக்கக் கை வலிக்கிறது

தட்டையான பிரைமரை மட்டும் வைத்து "அழுத்தம் அதிகம்" என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். மென்மையான பிரைமர் சாதாரண அழுத்தத்திலும் தட்டையாகும். விந்தை என்னவென்றால், தோளை அதிகம் பின்தள்ளிய கூட்டில் குறைந்த அழுத்தமும் இதே தோற்றத்தைத் தரும்: பிரைமர் முதலில் பின்னால் வெளிவந்து, பிறகு கூடு போல்ட்டில் மோதும்போது நசுங்கும்.

ஆனால் அறிகுறிகள் கூட்டாக வந்தால் விவாதமே இல்லை. கூட்டின் அடியில் எஜெக்டர் (காலிக் கூட்டை வெளியே தள்ளும் பாகம்) துளையின் வடிவில் பளபளக்கும் தடம், போல்ட் இறுக்கம், பிரைமரைச் சுற்றிக் கரி, அடுத்த முறை பிரைமர் குழி தளர்ந்து போவது: இவற்றில் இரண்டு தெரிந்தாலும் அந்தத் தொகுதியைச் சுடாதீர்கள். .308க்கு வகுத்த உச்ச அழுத்தமே 62,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு); கண்ணுக்குத் தடம் தெரியும் வேளையில் அந்த எல்லை ஏற்கெனவே பின்னால் போயிருக்கலாம்.

தேட வேண்டிய வரிசை: கூட்டின் நீளம், குண்டு உட்கார்ந்த ஆழம், தராசு சரியாக இருக்கிறதா, குண்டின் எடை அட்டவணையில் உள்ளதுதானா, கூட்டின் தயாரிப்பு மாறியதா. ராணுவக் கூட்டின் சுவர் பல சமயம் தடிமனானது, உள்ளே இடம் குறைவு. இவை எல்லாம் சரி என்றால்தான் மருந்தைக் குறைப்பது பற்றிய பேச்சு.

அறிகுறி: கூட்டின் அடிக்குச் சற்று மேலே பளபளக்கும் வளையம்

சுடும்போது கூட்டின் முன்பகுதி சேம்பர் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அடிப்பகுதி பின்னால் இழுபடும். இரண்டுக்கும் நடுவே பித்தளை மெலிகிறது. கழுத்து நீளும் பித்தளை இங்கிருந்துதான் போகிறது. ஒரு நாள் அடி தனியாகப் பிய்ந்து வரும், மீதி சேம்பரிலேயே நிற்கும், சூடான வாயு பின்னால் பாயும்.

பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியைக் கொக்கிபோல் மடக்கி, அரத்தில் ஓர் இழுப்பு இழுத்துக் கூராக்குங்கள். கூட்டுக்குள் அடிவரை விட்டு, சுவரை உரசியபடி மெல்ல மேலே இழுங்கள். நல்ல கூட்டில் வழுக்கிக்கொண்டே வரும். மெலிந்த கூட்டில் அடியிலிருந்து அரை அங்குலத்துக்குள் ஓர் இடத்தில் நுனி "டிக்" என்று பள்ளத்தில் விழும். விழுந்தால் அந்தக் கூட்டை இடுக்கியால் நசுக்கிப் போடுங்கள். நல்லவற்றோடு மறுபடி கலந்துவிடாது. வெளியே தெரியும் எல்லா வளையமும் இந்த நோய் இல்லை, டை சுருக்கிய எல்லையும் கோடாகத் தெரியும். சந்தேகத்தைத் தீர்ப்பது கிளிப்தான். நோய் திரும்பத் திரும்ப வந்தால் தோளை அளவுக்கு மீறித் தள்ளுகிறீர்கள். மேலே சொன்ன கம்பரேட்டருக்குத் திரும்புங்கள்.

கழுத்தில் நெடுக்காக விரிசல் வருவது வேறு விஷயம். பித்தளை அடிபட்டு அடிபட்டு விறைத்துவிட்டது. ஆபத்து குறைவு, கூட்டின் ஆயுள் முடிந்தது, அவ்வளவுதான். கழுத்தை மட்டும் சூடுகாட்டிப் பதப்படுத்தினால் இதைத் தள்ளிப்போடலாம். கூட்டின் அடிப்பகுதிக்கு அந்தச் சூடு போகவே கூடாது. கழுத்துக்கு வெளியே கரி படிவதும் பெரும்பாலும் அழுத்தம் குறைந்து கூடு சேம்பரை முழுதாக அடைக்காததன் அடையாளம்தான்.

அறிகுறி: தராசு ஒரே மருந்துக்கு வெவ்வேறு எடை காட்டுகிறது

ஒரு கிரெய்ன் என்பது 0.0648 கிராம், 7,000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு. நாம் கேட்பது அதில் பத்தில் ஒரு பங்கு துல்லியம். மின்விசிறிக் காற்று, ஏசி காற்று, பக்கத்தில் வைத்த கைப்பேசி, பிளாஸ்டிக் தட்டில் ஏறிய நிலைமின்சாரம், எல்லாம் மின்னணுத் தராசை ஆட்டும். அரை மணி நேரம் முன்னதாகவே அதை இயக்கி வையுங்கள். சோதனை எடைகளை வாங்கி, தொடக்கத்தில் ஒரு முறை, பத்துக் கூடுகளுக்கு ஒரு முறை வைத்துப் பாருங்கள். பழைய தண்டுத் தராசைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மின்னணுத் தராசின்மேல் சந்தேகம் வரும்போது அதுதான் நடுவர்.

அறிகுறி: ரத்தப் பரிசோதனையில் ஈயம்

சுட்ட பிரைமரின் மிச்சத்தில் ஈயம் இருக்கிறது. பெரும்பாலான பிரைமர்களின் மூலப்பொருள் லெட் ஸ்டைஃப்னேட். வால்நட் ஓட்டுத்தூளில் கூடுகளை உருட்டி, மூடியைத் திறந்து வீட்டுக்குள்ளேயே சல்லடையில் சலிப்பவர் அந்தத் தூசியைச் சுவாசிக்கிறார். தண்ணீரிலும் எஃகு ஊசிகளிலும் உருட்டும் முறைக்கு மாறுங்கள். உலர்முறைதான் வேண்டும் என்றால் வீட்டுக்கு வெளியே, முகக்கவசத்தோடு. பெஞ்சில் காப்பி டம்ளர் வேண்டாம். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் சுடுகளத்துக்குப் போன செருப்பும் சட்டையும் கராஜைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. வழக்கமான ஆண்டுப் பரிசோதனையில் ஈய அளவைச் சேர்க்கச் சொல்லி மருத்துவரிடம் நீங்களேதான் கேட்க வேண்டும்.

சந்தேகமான தோட்டாக்களை என்ன செய்வது

மேலே சொன்ன எந்தக் காரணத்துக்காகவும் ஒரு தொகுதியை ஒதுக்கினால், பெட்டியின்மேல் "சுடாதே" என்று எழுதி, பிரித்தெடுக்கும்வரை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். சில தோட்டாக்கள் என்றால் சுத்தியல் வடிவப் பிரிப்பான் போதும்: கண்ணாடி அணிந்து, அதற்குரிய பிடியில் தோட்டாவைப் பொருத்தி, மரக்கட்டையின் முனையில் தட்டினால் குண்டும் மருந்தும் உள்ளே விழும். நூற்றுக்கணக்கில் என்றால் பிரஸில் பொருத்தும் காலெட் பிரிப்பான்தான் உங்கள் தோள்பட்டையைக் காப்பாற்றும். விளிம்பில் பற்றும் .22 தோட்டாவைச் சுத்தியல் பிரிப்பானில் ஒருபோதும் வைக்காதீர்கள். இன்ன டப்பாவிலிருந்து இன்று வந்த மருந்து என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே அதைத் திரும்ப அந்த டப்பாவில் ஊற்றலாம். அடுத்தவர் நிரப்பிய தோட்டா, வாங்கிய பழைய பெட்டியில் வந்த தோட்டா என்றால் குண்டையும் கூட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு மருந்தை அழித்துவிடுங்கள்.